‘அக்கா’ என்று வந்த ரத்தம்

போன வாரம் தீபா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஈப்போவில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண் அவள். படத்தில் ஊதா நிறத்தில் ஒரு வெள்ளணு. அதன் உட்கரு உருண்டையாக இல்லாமல் ஐந்து இதழாகப் பிரிந்து, நந்தியாவட்டைப் பூ மாதிரி விரிந்திருந்தது.

“அக்கா, மெஷினுக்கு இது என்னானு தெரியல. தனியா ஒதுக்கி வச்சிருக்கு. நீங்க சொல்ற பூ இதுதானே?” என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் இன்னொரு கேள்வி வந்து விழுந்தது. “நம்ம பக்கம் இது எத்தன பேருக்கு இருக்கும்க்கா?”

அந்த இரண்டாவது கேள்வியால் என் சாம்பார் அடிப்பிடித்தது. “ரிட்டையர் ஆகியும் இந்த ஆர்வக் கோளாறு போகலயா?” என்று வீட்டுக்காரர் கரண்டியை வாங்கிக்கொண்டார். போகவில்லைதான். வேலையில் இருந்தபோதே எனக்கு ‘சி.ஐ.டி. வசந்தி’ என்று பெயர். கையில் ஊசியோடு நின்றுகொண்டு ஊர் எது, தோட்டம் எது, யார் மகள் என்று விசாரித்துவிட்டுத்தான் குத்துவேன். பேசிக்கொண்டிருந்தால் வலி தெரியாது என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

தீபாவின் பூவுக்குப் பின்னால் இருப்பது எச்.டி.எல்.வி. என்ற வைரஸ். பெயரைக் கேட்டதும் எச்.ஐ.வி. என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. இது உள்ளே வந்தாலும் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. ஆயுள் முழுக்கக் கூடவே இருந்து கூடவே போய்விடும். சிலருக்கு மட்டும் பல வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோயாகத் தலைகாட்டும். வேறு சிலருக்கு முதுகுத் தண்டைப் பிடித்துக் கால்களை விறைக்க வைக்கும். தாய்ப்பால், உடலுறவு, ரத்தம், இவைதான் அது வருகிற வழிகள்.

ஜப்பானின் தெற்குப் பக்கத்திலும் கரீபியத் தீவுகளிலும் இது நிறையப் பேருக்கு உண்டு என்று படித்திருக்கிறேன். அங்கேயும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதாம். ஒரு கிராமத்தில் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் தேடினாலும் கிடைக்காது. குடும்பம் குடும்பமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே ‘எத்தனை பேருக்கு’ என்று யாராவது கேட்டால், ‘யாரைப் பிடித்துக் கேட்டீர்கள்’ என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். அதிலும் கேட்ட கேள்வி அவர்களுக்குப் புரிந்ததா என்பது இன்னொரு கேள்வி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு குடும்பம். பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் படித்தேன். முதல் வேலை தைப்பிங்கில். அங்கே பெய்கிற மழையில் துணி மட்டுமா காயாது, கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தமும் காயாது. காயாத ரத்தத்தைச் சாயத்தில் போட்டால் சிவப்பணுக்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஏதோ அபூர்வ நோயைப் பிடித்துவிட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “நோய் இல்லம்மா, மழை” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஈப்போவுக்கு மாற்றலாகி வந்தேன். கடைசி வரை ஈப்போதான்.

அங்கே எனக்கு மேலதிகாரி புவான் ரொஸ்னா, அதாவது ரொஸ்னா மேடம். குள்ளமான உருவம். பேச்சு மெதுவாக வரும், ஆனால் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். அவரிடம் போய், “புவான், இதுல ஒரு ப்ளாஸ்ட் செல் இருக்கு” என்று சொல்லிவிட முடியாது. அது முதிராத வெள்ளணு, ரத்தப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்; ஆனாலும் அவர் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கவே மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் நம் பக்கம் தள்ளுவார். “ஜாங்ஙான் பாகி நாமா டுலு. லுக்கிஸ்.” முதலில் பேர் வைக்காதே, வரை. உட்கரு எவ்வளவு பெரிது, ஓரம் வழுவழுப்பா நெளிவா, சுற்றியுள்ள பகுதி என்ன நீலம், எல்லாவற்றையும் வரைய வேண்டும். வரைந்து முடிப்பதற்குள் பாதி நேரம் நமக்கே தெரிந்துவிடும், நாம் வைத்த பேர் தப்பென்று. எனக்கு ஓவியமும் வராது, பொறுமையும் கிடையாது. மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வரைவேன். “உன் லிம்ஃபோசைட் முள்ளு முள்ளா ரம்புத்தான் பழம் மாதிரி இருக்கு” என்று ஒரு முறை சொன்னார். அறையே சிரித்தது.

கவிதாவின் ரத்தம் வந்தது ஒரு காலை நேரத்தில். வயது இருபத்தைந்துக்குள். தலைப்பிள்ளை வயிற்றில். வழக்கமான பரிசோதனையில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்ததால் தகடு தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து, ஒரே இழுப்பில் தள்ளினேன். காய்ந்ததும் சாயம், கழுவல், மறுபடி காயவைத்தல். பிறகு தகட்டின் மெல்லிய வால் பகுதியில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு பூ! கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

புத்தகத்தில் மட்டுமே பார்த்த பூ. எனக்குக் கை குறுகுறுத்தது. இந்த முறை சொல்லாமலே வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். புவான் ரொஸ்னா காகிதத்தைப் பார்த்தார், பிறகு மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். “ரத்தம் எப்ப எடுத்தது?” என்று கேட்டார். நேற்று மதியம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். குழாயில் இருக்கிற மருந்தோடு ரத்தம் ரொம்ப நேரம் கிடந்தால் நல்ல வெள்ளணுக்களின் உட்கருவும் இப்படிப் பிளந்துகொள்ளும். “பழைய ரத்தத்தில எல்லாமே பூதான். புதுசா எடு” என்றார். எடுத்தேன். எடுத்த சூட்டோடு தேய்த்தேன். பூ இருந்தது.

வைரஸுக்கான பரிசோதனையும் பாசிட்டிவ். உறுதிசெய்ய கோலாலம்பூருக்கு அனுப்பினோம், அங்கேயும் அதே பதில்தான். கவிதாவுக்குப் புற்றுநோய் இல்லை. வைரஸைச் சுமக்கிறவள், அவ்வளவே. ஆனால் வயிற்றில் பிள்ளை இருந்தது. எங்கிருந்து வந்தது, இன்னும் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் ஹபீஸ் என்ற இளைஞர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நோயாளி உட்காராமல் தான் உட்கார மாட்டார். அவர் மலாயில் கேட்டார், இவள் மலாயில் சொன்னாள். வீட்டில் யார் யார்? அம்மா, அக்கா, புருஷன். அப்பா செத்துப்போய்விட்டார். மூவரின் ரத்தமும் வந்தது. குழாய்களில் ‘மாக்’, ‘காகாக்’, ‘சுவாமி’ என்று எழுதியிருந்தது. அம்மா, அக்கா, புருஷன்.

அம்மா நெகட்டிவ். புருஷன் நெகட்டிவ். அக்கா பாசிட்டிவ் மாதிரி தெரிந்தது, ஆனால் கோலாலம்பூரில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி ரத்தம் அனுப்பச் சொன்னார்கள்.

எனக்கு மண்டை காய்ந்தது. அம்மாவுக்கு இல்லாதது இரண்டு மகள்களுக்கும் எப்படி வரும்? ரத்தம் ஏற்றியதுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை. பச்சை குத்தியதுண்டா? இல்லை. மிச்சம் ஒரு கேள்விதான் இருந்தது. அதையும் தனியாக, மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார், கல்யாணத்துக்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்று. கவிதா இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். “டாக்டர் இப்படியெல்லாம் கேக்குறாருங்க.” அவன் சிரிக்கவில்லை.

புருஷன் சுரேஸுக்கு லாரி ஓட்டுகிற வேலை. இரண்டு நாள் வடக்கே, இரண்டு நாள் தெற்கே. யார் ரத்தம் எந்தக் குழாயில் போனது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், பெற்ற தாயிடமிருந்து வரவில்லை, தன்னிடமிருந்தும் வரவில்லை, ‘எச்’ என்று ஆரம்பித்து ‘வி’ என்று முடிகிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அவளைப் பீடோருக்குப் பக்கத்தில் இருக்கிற பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டான். பிறகு போனை எடுக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ரத்தம் எடுக்கிற கவுண்டரில் கவிதாவே சொன்னாள். ‘அக்கா’வுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் பஸ் ஏறி இருவருமாக வந்திருந்தார்கள். கவிதாவின் முகம் வீங்கிக் கிடந்தது. அக்காவுக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, ஒரு நரைமுடிகூட வெளியே தெரியவில்லை. பெயர் அஞ்சலை. தங்கைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன்.

“எந்தத் தோட்டம்க்கா?” என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். “இப்ப ரப்பர் பால்மரம் ஒன்னுகூட கெடையாது. எல்லாம் செம்பனைதான். நான் பால் வெட்டுனவதான், அப்பல்லாம்.”

“உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?”

“ஒன்னே ஒன்னுதான்” என்றாள். சும்மா இருந்த கையால் கவிதாவைக் காட்டினாள். “இந்தா நிக்கிறாளே.”

ஊசி ஏற்கெனவே உள்ளே இருந்தது. குழாய் நிறைந்ததும் ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திவிட்டுக் கேட்டேன். “இவ உங்க மகளா?”

“பின்ன?”

“அப்புறம் ஏன் உங்கள அக்காங்குறா?”

அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாத ஆளா என்று இருந்தது. “எங்க அம்மா சின்ன வயசுலயே செத்துட்டாங்க. ரெண்டு தம்பிங்களயும் கூட்டிக்கிட்டுத்தான் நான் வாக்கப்பட்டு வந்தேன். அவனுங்க என்னிய அக்கா அக்கான்னு கூப்புடுவானுங்க. இவளும் அதயே புடிச்சிக்கிட்டா. எங்க மாமியார, எங்க வீட்டுக்காரரு அம்மான்னு கூப்புடுவாரு, இவளும் அம்மான்னுவா. தோட்டத்து லயத்து வீடுங்கள்ல பாதிப் பிள்ளைங்க இப்படித்தான்லா.”

அட கடவுளே! ‘மாக்’ என்று எழுதி வந்த குழாய் அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது. ‘காகாக்’ என்று வந்த குழாய் பெற்ற தாயுடையது. கவிதா பொய் சொல்லவில்லை, டாக்டர் தப்பாக எழுதவில்லை. அவள் அம்மா என்று கூப்பிடுகிறவரை அம்மா என்றாள், அக்கா என்று கூப்பிடுகிறவளை அக்கா என்றாள். அது மலாயில் மாறியபோது உறவே மாறிப்போனது. ‘அம்மாவுக்கு இல்லை’ என்று டாக்டர் சொன்னபோது அவள் மனசில் பாட்டியின் முகம்தான் வந்திருக்கும், அதில் அவளுக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரியில் காவல்காரர் முதல் டாக்டர் வரை எல்லா இனத்தவரும் என்னை ‘கக் வசந்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வசந்தி அக்கா. அதில் ஒருவரோடும் நான் கூடப் பிறக்கவில்லை.

நேரே புவான் ரொஸ்னாவிடம் ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, “புவான், அந்தக் காகாக் இருக்காங்களே...” என்று ஆரம்பித்தேன். அவர் பழக்கதோஷத்தில் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். மேலே அஞ்சலைக்கு ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, கோட்டின் முனையில் கவிதாவுக்கு இன்னொரு வட்டம் என்று வரைந்தேன். அவர் அதை ஒரு கணம் பார்த்தார். “ஓ, மாக் டியாவா!” என்று எழுந்துவிட்டார். அவளுடைய அம்மாவா! அவர் அப்படிச் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டர் ஹபீஸ் உடனே இருவரையும் உட்காரவைத்து, இந்த முறை ‘யார் யாரைப் பெற்றது’ என்று மட்டும் கேட்டு எழுதினார். கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவளை வைத்துக்கொண்டே சுரேஸுக்குத் தன் போனிலிருந்து அழைத்து அரை மணி நேரம் பேசினார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த மரியாதை இரட்டிப்பானது.

அஞ்சலையைக் கவுண்டர் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். இது எப்படி மகளுக்குப் போனது என்று அவள் கேட்டாள். தாய்ப்பால் வழியாக என்று நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

“மூணு வயசு வரைக்கும் குடுத்தேன்” என்றாள். “விடியக்கால பால் வெட்டப் போயிட்டு, நடுவுல புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக் கொட்டகைக்கு ஓடியாந்து குடுப்பேன். கங்காணிகூட ஏசுவான். ஒத்தப் புள்ள, நல்லா இருக்கட்டும்னு குடுத்தேன். லயமே மெச்சிச்சு. கடைசில நானா என் புள்ளைக்கு வெசத்த ஊட்டுனேன்?”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புவான் ரொஸ்னா தன் நாற்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் யாருடைய கையையும் தொட்டு நான் பார்த்ததில்லை, அன்று தொட்டார். “சூசு தக் சாலா” என்றார். பால் மேல் குற்றம் இல்லை. பிறகு நிறுத்தி நிறுத்தி, அவளுக்குப் புரிகிற எளிய மலாயில் சொன்னார். “நீங்க குடிச்ச பால்ல அது இருந்திருக்கு. உங்க அம்மாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்ப நமக்குத் தெரியும். பேரப் பிள்ளைக்குப் போத்தல் பால். இத்தோட நிறுத்திடலாம்.”

அஞ்சலையிடம் மறுபடி எடுத்த ரத்தமும் கோலாலம்பூரில் பாசிட்டிவ் என்று உறுதியானது. சில நாள் கழித்து சுரேஸ் எங்கள் ஜன்னலுக்கு வந்தான். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். தலை நிமிரவில்லை. “அக்கா, அப்ப அவ மேல தப்பு இல்லதானே?” என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “தம்பி, பெத்தவகிட்டேருந்து வந்தா தப்பில்ல, வேற எப்படியாச்சும் வந்திருந்தா தப்பா? வைரஸ் என்ன, ஆளோட யோக்கியதய பாத்தா வருது? புள்ளத்தாச்சிய கொண்டுபோயி விட்டுட்டு வந்தியே, மொதல்ல அதப் பேசு” என்று பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு நேரே பீடோருக்குப் போனான். அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. பழம் நல்ல இனிப்பு.

என் சி.ஐ.டி. மூளை அத்தோடு விடுமா? அஞ்சலைக்கு இரண்டு தம்பிகள் உண்டே என்று டாக்டரிடம் நினைவுபடுத்தினேன். இருவரும் வந்தார்கள். சின்னவன் கைத்தடி ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தான். ரொம்ப வருஷமாகவே அப்படித்தானாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பூசாரிகளிடம் அலைந்திருக்கிறார்கள். அவனுக்குப் பாசிட்டிவ். பெரியவனுக்கு நெகட்டிவ். ஒரே தாய், ஒரே பால். ஒருவனுக்கு வந்தது, ஒருவனுக்கு வரவில்லை. ஏன்? எனக்கு இன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அந்தத் தாய் எந்தக் கப்பலில் வந்தவர்களின் பேத்தியோ, அவர்கள் ஊரில் யாருக்கெல்லாம் இருந்ததோ. அந்த லயத்திலிருந்து காம்பாருக்கும் ஈப்போவுக்கும் சிதறிப்போன மற்றவர்களை யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் தீபாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். “ஐயோ, சீரியல் மாதிரி இருக்குக்கா. நம்பர் மட்டும் சொல்லுங்கலா” என்று பதில் வந்தது. நம்பர் இல்லையடி, நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினேன். புது ரத்தமா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

கவிதாவுக்குப் பெண் பிறந்தது. போத்தல் பால்தான். தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளையின் ரத்தத்தில் கொஞ்ச காலம் தங்கி நம்மைக் குழப்பும் என்பதால், குழந்தைக்கு நடக்கிற வயது வரும் வரை காத்திருந்து சோதித்தோம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் அது. முடிவு நெகட்டிவ். டாக்டர் சொன்ன கையோடு அவர்கள் என் ஜன்னலுக்கு வந்தார்கள். கவிதா, சுரேஸ், சற்றுத் தள்ளி அஞ்சலை.

அவள் அப்படித் தள்ளி நின்றது என்னை உறுத்தியது. கவிதாதான் மெதுவாகச் சொன்னாள். “புள்ள பொறந்ததுலேருந்து இப்படித்தான்க்கா. துணி தொவைப்பாங்க, பால் கலக்குவாங்க. தூக்க மட்டும் மாட்டாங்க. தூக்குனா ஒட்டாதுன்னு டாக்டர் எத்தன தடவ சொல்லிட்டாரு. கேக்கவே மாட்றாங்க.”

நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து குழந்தையின் முன்னால் குனிந்தேன். பழைய பாடம் இருக்கிறதே. கவிதாவைக் காட்டி, “இது யாரு?” என்றேன்.

“அம்மா.”

அப்பாடா என்றிருந்தது. அஞ்சலையைக் காட்டினேன். “அது?”

“அக்கா!” என்றது அழுத்தமாக. வரிசையில் இருந்த தமிழர்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து புவான் ரொஸ்னா, “அடுத்த தடவை வட்டம் போட்டு எழுதி வைங்க!” என்றார். அஞ்சலையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குழந்தை எங்கள் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. தத்தித் தத்தி அவளிடம் போய், இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

“அக்கா, தூக்கு.”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கைகளைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு அவள் குனிந்தாள்.